காற்றிலுள்ள கரி யாருடைய கணக்கு?



சில மாதங்களுக்கு முன் ஒரு டிவிசனில் தாய்மார் கூட்டம் வைத்திருந்தோம். லயத்து அடுப்பின் புகை நெஞ்சுக்குச் செய்யும் கெடுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்:

“ஐயா, நாங்க வெறகு எரிக்கிறதாலதான் ஆகாசம் கெட்டுப்போயி மழையெல்லாம் காலந் தப்பிப் பெய்யுதுன்னு சொல்றாங்களே, நெசந்தானா? மூணு கல்லு வச்சு எரிக்கிற எங்க அடுப்பா லோகத்தையே சூடாக்குது?”

வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் அதற்கு மறுமொழி சொன்னார். “அட போம்மா, எரிமலை கக்குற பொகைக்கு முன்னால நம்ம பொகை எம்மாத்திரம்? இதெல்லாம் இயற்கையாப் பார்த்துச் செய்யிற வேலை.”

அன்றைக்கு நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. “புகை என்றால் எல்லாம் புகைதான், குறைத்துக்கொள்வது நல்லது” என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா கேட்டது சின்னக் கேள்வி அல்ல. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் கட்டலாமா என்பதுதான் அவர் கேட்டது.

பிறகு கிடைத்த புத்தகங்களைத் தேடி வாசித்தோம். நாங்கள் சொன்ன பதில் பிழை என்று தெரிந்தது. எல்லாப் புகையும் ஒன்றல்ல. காற்றைக் குடுவையில் பிடித்துச் சோதித்தால், அதிலுள்ள கரி மரத்திலிருந்து வந்ததா, நிலக்கரி எண்ணெயிலிருந்து வந்ததா, எரிமலையிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். அது எப்படி என்பதே இம்முறைப் பாடம். வீட்டில் பெரிய வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கூட வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. காற்றில் எவ்வளவு இருக்கிறது?

எது எரிந்தாலும் காபனீரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகும். நாம் விடும் மூச்சிலும் அது உண்டு. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. கண்ணை எரிக்கும் புகை வேறு, இது வேறு. இந்தப் பாடத்தில் இதைச் சுருக்கமாகக் ‘கரிவாயு’ என்று சொல்வோம்.

காற்றில் கரிவாயுவின் பங்கு மிகவும் சிறியது. காற்று முழுவதையும் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2024ஆம் ஆண்டில் கரிவாயுவின் பங்கு ஏறக்குறைய 4 ரூபாய் 24 சதம். விஞ்ஞானிகள் இதைப் பத்து லட்சத்தில் 424 பங்கு என்பார்கள். 1959இல் அது 316 பங்கு, அதாவது 3 ரூபாய் 16 சதம். பெரிய இயந்திரங்களும் நிலக்கரிச் சூளைகளும் பெருகுவதற்கு முன் 280 பங்கு அளவில் இருந்தது. தென் துருவத்துப் பனிக்கட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

சதக்கணக்குத்தானே என்று நினைக்கக்கூடாது. பூமியிலிருந்து வெளியேறும் சூட்டைத் தடுத்துப் பிடித்து வைப்பதில் இந்தச் சில சதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2 ரூபாய் 80 சதமாக இருந்தது 4 ரூபாய் 24 சதம் ஆனால் பாதிக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். கூடியது யாரால் என்பதுதான் கேள்வி.

2. இரவில் விழித்திருந்து காற்றுப் பிடித்தவர்

ஐக்கிய அமெரிக்காவில் சார்ள்ஸ் டேவிட் கீலிங் என்று ஒருவர் இருந்தார். 1955இல் அவர் கலிபோர்னியாவில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர். காற்றில் உள்ள கரிவாயுவைச் சரியாக அளக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐந்து லீற்றர் கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டு பெரிய மரங்கள் நிறைந்த பிக் சேர் என்னும் காட்டுப் பகுதிக்குப் போனார். பகலிலும் இரவிலும் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குடுவையைத் திறந்து காற்றைப் பிடித்தார். அதற்காக நடுச்சாமத்திலும் படுக்கையை விட்டு எழும்பினார்.

அவர் கண்டது என்ன? இரவில் காட்டுக்குள் கரிவாயு கூடுகிறது. காரணம், மரமும் மண்ணும் இராத்திரி மூச்சு விடுகின்றன. விடிந்து வெயில் வந்ததும் இலைகள் அதை உறிஞ்ச, அளவு இறங்குகிறது. பின்னேரத்தில் பல இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 310 பங்குக்குக் கிட்ட, வந்து நிற்கிறது.

அவர் இன்னொன்றையும் பார்த்தார். இரவில் கூடிய கரிவாயுவின் தன்மை மற்றதிலிருந்து சற்று வேறுபட்டிருந்தது. அது செடிகொடியின் கரி என்று அதன் அடையாளத்தைக் கொண்டே சொல்ல முடிந்தது. காற்றிலுள்ள கரிக்கு ஊர் பேர் உண்டு என்பது இப்படித்தான் தெரிய வந்தது. அந்த அடையாளம் என்ன என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

1958 மார்ச்சில் கீலிங்கின் அளவுக் கருவி ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்னும் மலையில் வேலை தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 3,400 மீற்றர் உயரம். நம் பிதுருதலாகல மலையை விடவும் உயரம். சுற்றிலும் பெருங்கடல். பக்கத்தில் பட்டணமோ பெரிய ஆலையோ இல்லாததால் காற்று நன்றாகக் கலந்து, சுத்தமாக வரும். முதலில் கிடைத்த அளவு 313 பங்கு.

அன்று தொடங்கிய பதிவு இன்றும் நடக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அது ஆறேழு பங்கு ஏறி இறங்கும். வைகாசி அளவில் உச்சத்துக்கு வரும். பிறகு பூமியின் வட பாதியில் காடுகள் தழைத்து உறிஞ்ச, புரட்டாதி வரை இறங்கும். பூமியே ஒரு தடவை மூச்சை இழுத்து விடுவது போல. ஆனால் ஒவ்வொரு வருடமும் இறங்கி நிற்கும் இடம் போன வருடத்தை விட உயரத்தில் இருக்கிறது. கீலிங் 2005இல் காலமானார். அவருடைய மகன் ரால்ப் கீலிங்கும் மற்றவர்களும் வேலையைத் தொடர்கிறார்கள்.

இங்கே நம் பெரியவர் கேட்பார்: “மௌனா லோவாவே எரிமலைதானே, அங்க அளந்தா எரிமலைப் பொகைதானே வரும்?” நியாயமான கேள்வி. எரிமலை வாயிலிருந்து வாயு அடித்து வந்தால் கருவியில் அளவு திடீரென்று துள்ளும். காற்றின் திசையும் தெரியும். அந்த மணித்தியாலங்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, சீரான காற்று வரும் நேரத்து அளவையே கணக்கில் எடுக்கிறார்கள். 2022 நவம்பர் 27ஆம் திகதி அந்த மலை வெடித்து, ஓடிய குழம்பு பாதையையும் மின்சாரத்தையும் துண்டித்தபோது, பக்கத்து மௌனா கேயா மலையில் வைத்து அளந்தார்கள். எரிமலையே இல்லாத பல இடங்களிலும் இதே ஏற்றம்தான் பதிவாகிறது.

3. முதல் சாட்சி: பாரமான காபன்

கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? இதற்கு மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

கரி என்பதைப் பாடப் புத்தகத்தில் காபன் என்பார்கள். காபன் அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு காபன்-12. மீதி ஒரு பங்கு சற்றுப் பாரமான காபன்-13. குணத்தில் ஒன்று, பாரத்தில்தான் வேறு. இவற்றைச் சமதானிகள் என்பார்கள்.

இலை காற்றிலிருந்து கரியை எடுக்கும்போது இலேசான காபன்-12ஐயே விரும்பி எடுக்கும். நல்ல பெண்பிள்ளை இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளி, முற்றலை விட்டுவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே தேயிலை, பலா, காட்டு மரம் எதுவானாலும், அதன் உடம்பில் பாரமான காபன்-13 காற்றில் உள்ளதை விடக் குறைவு. கீலிங் இரவுக் காற்றில் கண்ட அடையாளம் இதுதான்.

நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணில் புதைந்த மரம் செடிகள். கனிய எண்ணெய் அப்படியே கடலில் வாழ்ந்து அடியில் படிந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. ஆகவே அவற்றிலும் காபன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படிக் குறைவு இல்லை. கடல் நீரிலுள்ள கரியிலும் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். காற்றில் கூடிய கரிவாயு எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருந்தால் காற்றிலுள்ள காபன்-13இன் பங்கு இறங்கியிருக்காது. ஆனால் அளந்து பார்த்தால் அது வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகிறது. முதல் சாட்சி சொல்வது: “எரிமலை இல்லை, கடலும் இல்லை. இது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளின் கரி.”

பெரியவரின் கட்சி இங்கே தோற்றது. ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. விறகும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததுதானே? விறகையும் நிலக்கரியையும் இந்தச் சாட்சியால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த சாட்சியைக் கூப்பிடுவோம்.

4. இரண்டாம் சாட்சி: வயதைச் சொல்லும் காபன்

காபன்-14 என்று இன்னொரு வகை உண்டு. மிக மிக அரிது. லட்சம் கோடி காபன் அணுவில் ஒன்று என்னும் அளவு. ஆகாயத்தின் மேலே விண்வெளிக் கதிர்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாக்கும்போது இது உண்டாகிறது. உண்டாகிக் காற்றில் கலந்து இலைக்குள் போகிறது. இலையைத் தின்னும் மாட்டுக்கும், பாலைக் குடிக்கும் நமக்கும் வருகிறது. உயிரோடு இருக்கும் எதிலும் இது உண்டு.

உயிர் போன பிறகு புதிதாகச் சேராது. உள்ளது மெல்ல மெல்ல அழியும். 5,730 வருடத்தில் பாதியாகும். இன்னொரு 5,730 வருடத்தில் கால்வாசியாகும். ஐம்பதாயிரம் வருடம் போனால் அளக்கக்கூட மிஞ்சாது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வயது கோடிக்கணக்கில். ஆகவே அவற்றில் காபன்-14 அறவே இல்லை. ஒன்றுகூட இல்லை என்றே சொல்லலாம்.

நேற்று வெட்டிய யூக்கலிப்டஸ் விறகில் காபன்-14 இருக்கும். பக்கத்தில் எரியும் குப்பி விளக்கின் மண்ணெண்ணெயில் இருக்காது. ஒரே குசினியில் இரண்டும் எரிகின்றன, ஆனால் ஒன்று புதுக்கரி, மற்றது பழங்கரி.

பழங்கரி எரிந்து காற்றில் கலந்தால் என்ன நடக்கும்? பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. காற்றிலுள்ள காபன்-14இன் செறிவு குறையும். இதை முதலில் எடுத்துக் காட்டியவர் ஹான்ஸ் சூஸ் என்னும் விஞ்ஞானி. 1955இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். அந்த வளையத்தில் அந்த வருடத்துக் காற்றின் கரி பத்திரமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தோடு ஒப்பிட்டால், பின்னால் வளர்ந்த மரத்தில் காபன்-14 குறைந்திருந்தது. வயதுக் கணக்கைக் கழித்துப் பார்த்தும் குறைவு நின்றது. பழங்கரி காற்றில் கலந்துவிட்டது என்பதற்கு மரமே சாட்சி.

இந்தச் சாட்சி நடுவில் கொஞ்சக் காலம் குழம்பிப் போனது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் புதிதாகக் காபன்-14 உண்டாகி, பூமியின் வட பாதிக் காற்றில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வெளியில் வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963இல் வந்தது. நியூசிலாந்தின் வெலிங்டனில் 1954 முதலே இதை அளந்து வருவதால் அந்த ஏற்றமும் பிறகு வந்த இறக்கமும் அப்படியே பதிவாகியுள்ளன. குண்டின் கரியைக் கடலும் காடும் உறிஞ்சின. பழங்கரியும் கலந்து நீர்த்துப் போகச் செய்தது. இப்போது அளவு குண்டுகளுக்கு முன்னிருந்த இடத்துக்கே இறங்கிவிட்டது, இன்னும் இறங்குகிறது.

இரண்டாம் சாட்சி சொல்வது: “கூடிய கரிக்குள் பழங்கரி நிறைய உண்டு. விறகாலும் காட்டுத்தீயாலும் மட்டும் இது நடந்திருக்க முடியாது.” ஒன்று கவனியுங்கள். எரிமலைக் கரியிலும் காபன்-14 இல்லை. ஆகவே இந்தச் சாட்சியை மட்டும் கேட்டால் எரிமலை மேல் சந்தேகம் வரும். முதல் சாட்சி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. இரண்டு பேரையும் சேர்த்து விசாரிக்க வேண்டியது இதனால்தான்.

5. மூன்றாம் சாட்சி: ஒட்சிசன்

அடுப்பை மூடினால் தீ அணையும். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். எதை எரித்தாலும் காற்றில் ஒட்சிசன் குறையும். எரிமலையோ கடலோ கரிவாயுவை வெளியே விட்டால் அதற்காக ஒட்சிசன் அப்படிக் குறையாது.

ஒட்சிசன் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளது. அவ்வளவு பெரிய குவியலில் சின்னக் குறைவைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. நாம் முன்பு சொன்ன ரால்ப் கீலிங் அதற்கு ஒரு முறையை உண்டாக்கி, 1980களின் கடைசியிலிருந்து அளந்து வந்தார். ஒட்சிசன் வருடத்துக்குப் பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவில் குறைந்து வருகிறது. நமக்கு மூச்சுத் திணறும் என்று பயப்பட வேண்டாம், அந்த அளவுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் கரிவாயு கூடுவது எரிப்பதால்தான் என்பதற்கு இது தெளிவான சாட்சி.

மூன்று சாட்சிகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

எரிமலை: காபன்-13ஐக் குறைக்காது. காபன்-14ஐக் குறைக்கும். ஒட்சிசனைக் குறைக்காது.

விறகும் காட்டுத்தீயும்: காபன்-13ஐக் குறைக்கும். காபன்-14ஐ அப்படிக் குறைக்காது. ஒட்சிசனைக் குறைக்கும்.

நிலக்கரி, பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், காஸ்: மூன்றையும் குறைக்கும்.

காற்றில் நடப்பது: மூன்றும் குறைகின்றன.

அளவுக் கணக்கும் இதோடு பொருந்துகிறது. நிலக்கரி, எண்ணெய், காஸ் எரிப்பதாலும் சீமெந்து செய்வதாலும் உலகம் இப்போது வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி தொன் கரிவாயுவை வெளியே விடுகிறது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காடழிப்பும் கணக்கில் உண்டு. அது எண்ணெய் நிலக்கரிக் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மொத்தத்தில் பாதியளவு காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன.

6. சாக்குக் கழிவு போல ஒரு கணக்கு

உலகம் முழுவதற்கும் கணக்குச் சொன்னது போல ஒரு பட்டணத்துக்கும் சொல்லலாம். ஜேர்மனியில் ஹைடல்பேர்க் என்னும் நகரத்து விஞ்ஞானிகள் பல வருடங்களாக இதைச் செய்கிறார்கள். நகரத்துக் காற்றை மட்டும் அளந்தால் போதாது. சுத்தமான காற்றின் அளவும் தெரிய வேண்டும். அதற்கு சுவிற்சர்லாந்தில் யுங்ஃப்ராயோக் என்னும் உயர்ந்த பனிமலை நிலையத்தில் காற்றுப் பிடிக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது நமக்குத் தெரிந்த விசயம். கழிவு சரியாக இருந்தால் கணக்குச் சரி. கழிவில் பிழை விட்டால் நாள் முழுக்கப் பறித்தவரின் கணக்கே பிழை. காற்றுக் கணக்கிலும் அப்படித்தான். அதனால்தான் சுத்தமான மலைக்காற்றை இவ்வளவு கவனமாக அளக்கிறார்கள்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மலையில் கரிவாயு 420 பங்கு. பட்டணத்தில் 440 பங்கு. கூடுதல் 20 பங்கு. மலைக்காற்றை விடப் பட்டணத்துக் காற்றின் கரியில் காபன்-14 நூற்றுக்கு இரண்டரை குறைவு. பழங்கரியில் காபன்-14 இல்லை ஆகையால், பட்டணத்துக் கரிவாயுவில் நூற்றுக்கு இரண்டரை பழங்கரி என்று அர்த்தம். 440இல் நூற்றுக்கு இரண்டரை என்றால் 11 பங்கு. ஆகவே கூடிய 20இல் 11 பங்கு வாகனமும் ஆலையும் விட்டது. மீதி 9 பங்கு மண், மரம், மூச்சு, விறகு விட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

கருவி இல்லாத இடத்தில் இலையே கருவியாகிறது. 2020இல் கொரோனா ஊரடங்கு நாட்களில் கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். மக்கள் தங்கள் ஊர்ப் புல்லைப் பறித்து அனுப்பினார்கள். புல் வளர்ந்த நாட்களில் அது எந்தக் காற்றை எடுத்ததோ அந்தக் காற்றின் காபன்-14 அதன் உடம்பில் இருக்கும். வீதியில் வாகனம் குறைந்து பழங்கரி குறைந்த கதையைச் சாதாரணப் புல் சொல்லியது. நாம் தினமும் கிள்ளும் கொழுந்திலும் அந்தந்த நாட்களின் காற்றுக் கணக்கு இப்படி எழுதப்பட்டுத்தான் இருக்கிறது.

7. அம்மாவுக்கு எங்கள் பதில்

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்கிறோம்.

அம்மா, வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைத்து வளர்த்தால், உங்கள் அடுப்பு விடும் கரியை அந்த மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுப்பது போல. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. கோடி வருடமாகப் பூமிக்குள் பூட்டிக் கிடந்ததை எடுத்துக் காற்றில் விடுவது. அதைத் திருப்பிக் கொடுக்க அவ்வளவு மரத்துக்கு இடம் இல்லை. காற்றில் கூடிய கரியின் பெரும் பகுதி அந்தக் கணக்கைச் சேர்ந்தது. அதை உங்கள் பேரில் எழுத வேண்டாம் என்று காற்றே சாட்சி சொல்கிறது.

ஆனால் நாம் முழுக்க நல்லபிள்ளை என்றும் சொல்லிக்கொள்ளக்கூடாது. வெட்டிவிட்டு மரம் வைக்காத மலை, கடன் திருப்பாத கணக்குத்தான். லயத்தில் நாம் போடும் மின்விளக்குக்கும் நிலக்கரியோடு சம்பந்தம் உண்டு. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரியில் மின்சாரம் எடுக்கிறார்கள். கொழுந்து லொறியின் டீசலும் பழங்கரிதான். சிறிய பங்கானாலும் நம் பங்கு நம் பங்குதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஆகாயக் கணக்கில் விறகு பெரிய குற்றவாளி இல்லை என்பதற்காக, குசினிப் புகை நல்லது என்று ஆகிவிடாது. அது தாயின் நெஞ்சையும் மடியில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சையும் கெடுக்கும். காய்ந்த விறகை எரியுங்கள். புகை போக்கி வையுங்கள், அடைப்பை எடுத்துவிடுங்கள். சமைக்கும்போது சின்னப் பிள்ளைகளை அடுப்பண்டை விடாதீர்கள். இது வேறு கணக்கு, ஆனால் நம் வீட்டுக் கணக்கு.

வாசலில் நின்ற பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, “எல்லாம் இயற்கை” என்று சொன்னால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். மழை காலம் தப்பினால் முதலில் வேலை குறைவது நமக்கு. ஆகவே பொறுப்பு யாருக்கு என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அந்தக் கேள்வியை விடவேண்டாம்.

பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

(1) உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் எரியும் பொருட்களை எழுதுங்கள். விறகு, தேங்காய்ச் சிரட்டை, மண்ணெண்ணெய், காஸ், டீசல், மெழுகுதிரி. ‘புதுக்கரி’, ‘பழங்கரி’ என்று இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள்.

(2) காற்றில் காபன்-13 குறையாமல் காபன்-14 மட்டும் குறைந்திருந்தால் யாரைச் சந்தேகப்பட வேண்டும்?

(3) மலைக்காற்றில் 420, பட்டணத்தில் 450. காபன்-14 நூற்றுக்கு நான்கு குறைவு. பழங்கரி எத்தனை பங்கு?

விடைகள்: (1) விறகும் சிரட்டையும் புதுக்கரி. மண்ணெண்ணெய், காஸ், டீசல் பழங்கரி. கடையில் விற்கும் மெழுகுதிரி பெரும்பாலும் கனிய எண்ணெயிலிருந்து செய்வது, ஆகவே அதுவும் பழங்கரி. (2) எரிமலையை. (3) 450இல் நூற்றுக்கு நான்கு, அதாவது 18 பங்கு. கூடிய 30இல் மீதி 12 பங்கு மண், மரம், மூச்சு, விறகு.

விளங்காத இடம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள். அன்றைக்கு அந்த அம்மா கேட்டதால்தான் நாங்களும் இதைப் படித்துக்கொண்டோம்.